எக்ஸ்ரே நார்மல்தான், ஆனாலும் தம்பி பந்து போடக் கூடாது

கேள்வி:

என் மகனுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். வலது கை வேகப்பந்து வீச்சாளர். பள்ளி அணி, அகாடமி, மாவட்ட லீக் மூன்றிலும் ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பையன்களோடு டென்னிஸ் பால் மேட்ச் வேறு. மூன்று மாதமாக இடுப்பில், இடது பக்கம், பெல்ட் கட்டும் இடத்தில் வலி. எக்ஸ்ரே எடுத்தோம், நார்மல் என்றார்கள். இரண்டு வாரம் ஓய்வு, பெல்ட், மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டது. மறுபடி பந்து போட ஆரம்பித்ததும் திரும்ப வந்துவிட்டது. கோச், 'வளர்ற வயசு, தசைப்பிடிப்புதான், ஓட ஓட சரியாயிடும்' என்கிறார். அடுத்த மாதம் 19 வயதுக்குட்பட்டோருக்கான மாவட்ட செலக்‌ஷன். அதுவரைக்கும் ஊசி போட்டுச் சமாளிக்கலாமா என்று அவன் அப்பா கேட்கிறார். என் அண்ணனோ, படிக்கிற பையனை எதுக்கு இதில் விட்டாய் என்று திட்டுகிறார். யார் பேச்சைக் கேட்பது? இவன் பந்துவீச்சு இத்தோடு முடிந்துவிட்டதா?

– சேலம் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில் – விளையாட்டு பிசியோதெரபிஸ்ட்:

வணக்கம் அம்மா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியவில்லை. ஆனால் அடுத்த மாத செலக்‌ஷனில் தம்பி பந்து போடக் கூடாது. ஊசி போட்டுக்கொண்டு போய் நிற்பது கூடவே கூடாது. இன்றிலிருந்து எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்க்கும் வரை நெட்ஸிலும் சரி, தெருவிலும் சரி, டென்னிஸ் பந்தே ஆனாலும் சரி, ஓடி வந்து வீசுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆளைப் பார்க்காமல் நோய் இன்னதென்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். பதின்வயது வேகப்பந்து வீச்சாளர், வலது கைக்காரருக்கு இடது பக்க இடுப்பில் வலி, ஓய்வெடுத்தால் போகிறது, பந்து போட்டால் வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், வேறு ஏதோ என்று நிரூபணமாகும் வரை எலும்பில்தான் பிரச்சினை என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலையைத் தொடங்குவோம். 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' என்று டிவி வர்ணனையில் கேட்டிருப்பீர்கள், அதுதான்.

விழுந்து அடிபட்டு ஒரே நாளில் உடைகிற எலும்பு முறிவு இல்லை இது. தம்பி பந்தை விடுவதற்குச் சற்று முன்னால் இடது காலை ஓங்கி ஊன்றுகிறான். அந்த ஒரு நொடியில் தரையிலிருந்து அவன் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை காலில் ஏறுகிறது. அதே நேரத்தில் முதுகு பின்னால் வளைந்து, இடது பக்கம் சாய்ந்து, முறுக்கியும் கொள்கிறது. இவ்வளவும் போய் இறங்குகிற இடம், இடுப்பு முதுகெலும்பின் கடைசி இரண்டு முள்ளெலும்புகளின் பின்பக்கம் இருக்கிற பார்ஸ் என்ற சின்ன எலும்புப் பாலம். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் எத்தனையாவது தடவையில் என்று தெரியாமல் ஒரு கட்டத்தில் விட்டுப்போகும் இல்லையா, அந்த மாதிரிதான். ஒரே வித்தியாசம், கம்பி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது, எலும்பு செய்துகொள்ளும். ஆனால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். இன்றைய சேதத்தைச் சரிசெய்வதற்குள் நாளைய பந்துகள் வந்து விழுந்தால் எலும்பு தோற்றுவிடும்.

16 வயதில் இது ஏன் அதிகம் வருகிறது என்றால், உயரமும் தோள் பலமும் வேகமும் முதலில் வந்துவிடுகின்றன, இடுப்பு முதுகெலும்பு முழுதாகக் கெட்டிப்படுவதோ இருபதுகளின் நடுப்பகுதியில்தான். பையன் பார்ப்பதற்கு ஆள் மாதிரி இருப்பான், பந்தும் ஆள் மாதிரி வரும். எலும்பு மட்டும் இன்னும் பையனுடைய எலும்பு.

எங்களிடம் வருகிற பையன்களிடம், வலி எங்கே என்று காட்டச் சொல்வோம். தசைப்பிடிப்புக்காரர்கள் உள்ளங்கையை வைத்து இடுப்பு முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். இந்த ரகத்தினர் பெரும்பாலும் ஒற்றை விரலை வைப்பார்கள், முதுகெலும்புக்கு இடது பக்கம், இரண்டு விரல் தள்ளி. குனிந்தால் பெரிதாக வலிக்காது. இடது காலில் மட்டும் நின்று பின்னால் சாயச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இதை வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டாம். இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் முடியாது. தம்பியிடம் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அது போதும்.

எக்ஸ்ரே நார்மல் என்று வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆரம்ப நிலையில் எலும்பு உள்ளுக்குள் வீங்கியிருக்கும், விரிசல் கோடு இன்னும் விழுந்திருக்காது. கோடு விழுந்த பிறகும் பல சமயம் எக்ஸ்ரேயில் பிடிபடாது. அந்த வீக்கத்தைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'இடுப்பு வலி' என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால், பெரியவர்களுக்குப் பார்ப்பது போல டிஸ்க், நரம்பு என்று பார்த்துவிட்டு, 'டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது' என்று அறிக்கை வந்துவிடும். அதைப் படித்துவிட்டு வீடே பயந்துபோகும், தேட வேண்டியது விட்டுப்போகும். ஆகவே டாக்டரிடம், 'வேகப்பந்து வீச்சாளர், கீழ் முள்ளெலும்புகளின் பார்ஸ் பகுதியைப் பார்க்கவும், ஸ்டிர் படங்களும் எடுக்கவும்' என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டிர் என்பது எலும்பின் உள்வீக்கத்தை எடுத்துக் காட்டுகிற எம்.ஆர்.ஐ பட வகை. விளையாட்டு மருத்துவம் பார்க்கும் எலும்பு மருத்துவராக இருந்தால் நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு அதிகம், வளர்கிற பையனுக்கு அதை எடுத்தவுடன் செய்ய வேண்டாம். கோடு ஆறுகிறதா என்று பார்க்கத் தேவைப்பட்டால் டாக்டரே பின்னால் சொல்வார்.

ஸ்கேனுக்கு முன்னால் சுளுக்கு எடுக்கிறேன், நீவிவிடுகிறேன் என்று யாரிடமும் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடாதீர்கள். நம் ஊரில் முதுகு வலி என்றாலே முதலில் நடப்பது அதுதான். முதுகை முறுக்கிச் சொடக்கு எடுப்பது, விரிசல் இருக்கிற இடத்தில் இன்னொரு பந்து போட்டதற்குச் சமம். காலில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போவது, ராத்திரி தூக்கத்தை எழுப்புகிற வலி, காய்ச்சல், இவற்றில் எது இருந்தாலும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்போது அவன் அப்பாவின் கேள்வி. ஊசி வலியை மறைக்கும், எலும்பை ஒன்றும் செய்யாது. வலிதான் தம்பியை இதுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதை மரக்க வைத்துவிட்டு மூன்று நாள் செலக்‌ஷனில் முழு வேகத்தில் போட்டால், வீக்கமாக இருப்பது விரிசலாகலாம், ஒரு பக்க விரிசல் மறுபக்கமும் வரலாம். இரண்டு பக்கமும் முழுதாக விட்டுப்போனால் முள்ளெலும்பே முன்பக்கம் நழுவ வாய்ப்பு உண்டு. அந்த நிலைக்குப் போனவர்கள் திரும்பி வருவது ரொம்பவே சிரமம். வீக்க நிலையிலேயே பிடித்துவிட்டால் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு மாதம். கோடு விழுந்திருந்தால் நான்கிலிருந்து ஒன்பது மாதம் வரை. ஒரு செலக்‌ஷனுக்காக இதில் எதைப் பணயம் வைப்பது என்று அவரிடம் கேளுங்கள்.

ஆறு மாதம் விட்டால் எல்லாம் போய்விடும் என்றுதான் வீட்டில் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு 18 வயது. இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன்னுக்கு 6 விக்கெட், வெற்றி ரன்னும் அவர் பேட்டிலிருந்துதான் வந்தது, ஆட்ட நாயகன் விருதும் அவருக்குத்தான். உங்கள் மகனைவிட இரண்டே வயது மூத்தவர் அப்போது. அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2017 மார்ச்சில், நம் ராஞ்சியில். இடையில் ஐந்து வருடத்துக்கும் மேல். முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் ஒரு தடவையோடு நிற்கவில்லை. நடுவில் கொஞ்சம் ஒருநாள், டி20 ஆட்டங்கள், திரும்ப முதுகு, திரும்ப ஓய்வு. அந்த வருடங்களில் சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துப் பட்டமும் வாங்கினார். 2023-இல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பை ஜெயித்த கேப்டனும் அவரே, அதே வருடம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நம்மையெல்லாம் அழ வைத்த கேப்டனும் அவரே. அதோடு விட்டதா என்றால் அதுவும் இல்லை. 2025-இல், 32 வயதில், மறுபடி இடுப்பு முதுகெலும்பில் அழுத்தம் என்று ஸ்கேன் காட்டியது, ஆஷஸ் முதல் டெஸ்டை விட்டு வெளியே உட்கார்ந்தார். இதை ஒரு தடவை குணமாக்கிவிட்டு மறந்துவிட முடியாது, பந்து போடுகிற காலமெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அப்புறம், கம்மின்ஸைச் சுற்றி ஆஸ்திரேலிய வாரியத்தின் மருத்துவக் குழு இருந்தது. தம்பிக்கு நீங்கள்தான் வாரியம்.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமானால் லக்ஷ்மிபதி பாலாஜி. 2004 பாகிஸ்தான் தொடரில் ஊரே கொண்டாடிய பந்துவீச்சாளர். அடுத்த வருடத்துக்குப் பிறகு முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆளைக் காணோம். பந்துவீசும் முறையை, அதாவது ஆக்‌ஷனை, மாற்றிக்கொண்டு வந்தார். 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார், 2012 டி20 உலகக் கோப்பை அணியிலும் இருந்தார். பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லைதான். கட்டர், மெதுபந்து என்று வேறு ஆளாக ஆனார். பும்ராவுக்கு 2023-இல் நியூசிலாந்தில் முதுகு அறுவை சிகிச்சையே நடந்தது, அதற்கு அடுத்த வருடம் டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லீ 1973-இல் முதுகு உடைந்து உடம்பில் மாவுக்கட்டோடு கிடந்தவர், பிறகு எழுந்து 355 டெஸ்ட் விக்கெட் வரை போனார். 1987-இல் சென்னைக்கு எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரும் அவர்தான்.

செலக்‌ஷன் பற்றி உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர், நிஜப் பந்தைக் கையில் எடுத்ததே இருபது வயதை ஒட்டித்தான் என்பார்கள். ரஞ்சியில் முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஆக்‌ஷன் சந்தேகம் என்று உட்கார வைத்தார்கள், திருத்திக்கொண்டு வந்தார். பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி வாங்கியபோது அவருக்கு 29 வயது. 16 வயதில் ஒரு மாவட்ட செலக்‌ஷனுக்குப் போகாததால் கதவு மூடிவிடாது. தம்பிக்கு 19 வயதுக்குட்பட்டோர் பிரிவிலேயே இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

சரி, இது ஏன் வந்தது? உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அந்த நான்கு அணிகள்தான். பள்ளிக்கூடத்து மாஸ்டர் தன் மேட்சை மட்டும் எண்ணுவார், அகாடமி கோச் தன் நெட்ஸை மட்டும். மொத்தத்தை யாரும் எண்ணுவதில்லை. அகாடமியில் ஒரு சாயங்காலத்துக்கு 8 ஓவர் என்று வைத்தாலே 48 பந்து, வாரம் ஐந்து நாள் என்றால் 240. சனிக்கிழமை மேட்சில் 10 ஓவர் போட்டால் 300. அதற்கு மேல் ஞாயிறு டென்னிஸ் பால். நெட்ஸில் 8 ஓவரோடு விடுவார்கள் என்பதும் சந்தேகம்தான், நன்றாகப் போடுகிற பையனைத்தான் எல்லா பேட்ஸ்மேனும் இன்னும் நாலு போடு என்று கேட்பான். டென்னிஸ் பந்து எடை குறைவு, தோளுக்கு லேசு. ஆனால் இடது கால் ஊன்றுவது அதே ஊன்றல், அதுவும் கட்டாந்தரையில், கேன்வாஸ் ஷூவோடு. சிமென்ட் மேல் மேட் விரித்த பிட்ச் என்றால் இன்னும் மோசம்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. தம்பி வயதுக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது ஓய்வில்லாமல் தொடர்ந்து போடும்போது, 7 ஓவர், ஒரு நாளைக்கு 18 ஓவர். அதோடு ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் பந்து போடக் கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போடக் கூடாது. இதிலே நான் முக்கியமாக நினைப்பது ஓவர் எண்ணிக்கையைவிட அந்த நாள் கணக்கைத்தான். எலும்புக்கு இடைவெளி கிடைப்பது அங்கேதான். எண்ணிக்கையிலும் திடீர் ஏற்றம் ஆபத்து. பரீட்சைக்காக மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு, லீவு விட்டதும் தினமும் போடுவது, முகாமுக்குப் போய் ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு போடுவது, இப்படித்தான் பல பையன்கள் மாட்டுகிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். திரும்பப் பந்து போட ஆரம்பிக்கும் நாளிலிருந்து தேதி, எந்த இடம், எத்தனை பந்து, மறுநாள் காலை முதுகு எப்படி, இவ்வளவுதான் எழுத வேண்டும். தம்பி எழுத மறந்தால் ராத்திரி சாப்பிடும்போது நீங்கள் கேட்டு எழுதுங்கள்.

ஓய்வு என்றால் கட்டிலில் படுத்துக் கிடப்பது என்று அர்த்தம் இல்லை. வலி அடங்கியதும் பிசியோ பார்த்துக்கொண்டு வயிறு, இடுப்பு, தொடைக்கான பயிற்சிகளைத் தொடங்கலாம். பக்கவாட்டில் முழங்கையை ஊன்றிப் படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துகிற பயிற்சியை அவனுக்கு நிச்சயம் கொடுப்பார்கள். பெல்ட்டையே நம்பிக்கொண்டிருந்தால் அந்தத் தசைகள் வேலை செய்யாது. பந்துக்குத் திரும்பும்போது முதலில் நின்ற இடத்திலிருந்து, அப்புறம் நாலு அடி ரன்-அப், பாதி வேகம், ஒருநாள் விட்டு ஒருநாள், 12 பந்து, 18 பந்து என்று ஏறும். இந்தக் கட்டம்தான் பையன்களுக்குக் கஷ்டம். வலி சுத்தமாக இருக்காது, கை துறுதுறுக்கும், கூடப் படிக்கிறவன் செலக்ட் ஆகிவிட்டான் என்று செய்தி வரும். அப்போது கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்‌ஷன் பற்றியும் ஒரு வார்த்தை. இடுப்பு ஒரு பக்கம் பார்க்க, தோள் வேறு பக்கம் திரும்பி முறுக்கிக்கொள்ளும் ஆக்‌ஷன், பந்தை விடும்போது இடது பக்கம் அதிகமாகச் சரிவது, இவை முதுகுக்குக் கெடுதல். பழைய வீடியோ ஏதாவது போனில் இருக்கும், எடுத்து வையுங்கள். ஆனால் வலி இருக்கிற இப்போது யாரும் ஆக்‌ஷனைத் திருத்த உட்கார வேண்டாம். குறைந்த வேகத்தில் திரும்ப ஆரம்பிக்கும்போதுதான் அதற்கு நேரம்.

காலை ஆறு மணிப் பயிற்சிக்கு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு ஓடுகிற பையன்களை நிறையப் பார்க்கிறேன். எரிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் எலும்பு ஆறாது. பால், முட்டை, மீன், கேழ்வரகு என்று உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதைக் கூட்டுங்கள். ரத்தத்தில் விட்டமின் டி அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெயிலிலேயே கிடக்கிற பையனுக்கு எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். குறைந்துதான் இருக்கிறது, பலருக்கு. மாத்திரை அளவை டாக்டர் சொல்லட்டும், கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ரஞ்சி ஆடும் பதினொருவரில் இருந்தால் ஒரு நாளைக்கு 40,000 ரூபாயிலிருந்து 60,000 வரை சம்பளம், நல்ல பணம்தான். ஆனால் மாநிலத்துக்கு அந்தப் பதினொரு இடம்தான், அதில் வேகப்பந்துக்கு இரண்டோ மூன்றோ. அதை நம்பிப் படிப்பை விடக் கூடாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டியதும் இல்லை. இந்தியாவுக்கு வேகப்பந்து போட்ட ஸ்ரீநாத் மைசூரில் இன்ஜினியரிங் படித்தவர்தான், நம் அஸ்வினும் இன்ஜினியர்தான். பதினொன்றாம் வகுப்பில் ஆறு மாதம் ஓய்வு கிடைப்பது, அந்தக் கோணத்தில் பார்த்தால், கெட்ட நேரத்தில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கோச்சிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஐம்பது பையன்களை ஒரே ஆள் பார்க்கிற இடத்தில் ஒவ்வொருவன் முதுகையும் அவரால் பார்க்க முடியாது. ஸ்கேன் வந்ததும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பந்து எண்ணுகிற நோட்டில் வாரம் ஒருமுறை அவரும் கையெழுத்துப் போட்டால் நல்லது, மற்ற மூன்று அணிகளுக்கும் அவரே சொல்லிவிடுவார்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கப்போகிற படத்தை இதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எலும்பு ஆறியிருக்கிறதா, தம்பி பந்தைத் தொடலாமா என்று டாக்டர் சொல்ல முடியும்.